அளத்தில் நின்றுபோன நிழல்

கங்காணியின் குடை காற்றோடு போன அன்றைக்கு ரூபிணி வீட்டுக்கு வந்தாள், அவளுடைய நிழல் வரவில்லை.

அதை முதலில் பார்த்தது அவள் அம்மா செந்தூர்க்கனி. உப்பளத்து வேலை விட்டு, வெயில் முதுகில் விழ, பெண்களெல்லாம் காலனிக்குப் போகிற மண் ரோட்டில் நடந்தார்கள். ஆளுக்கு முன்னால் ஆளுடைய நிழல் நீள நீளமாய் ஓடியது, தூக்குவாளி வைத்திருந்தவள் நிழலில் தூக்குவாளி ஆடியது, உப்புத் தண்ணீரில் கால் வெடித்து நொண்டியவளின் நிழலும் நொண்டியது, அத்தனை நிழலுக்கும் நடுவே ரூபிணியின் இடுப்பில் இருந்த கைப்பிள்ளையின் நிழல் மட்டும், தூக்குவார் இல்லாமல், தரையில் தன்னந்தனியாய்க் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, உன் நிழல எங்க?"

"அளத்துல நிக்கிம்மா. குடையப் பிடிச்சிட்டு நின்னேம்லா, அப்படியே நின்னுட்டு. கூப்பிட்டுப் பாத்தேன், வரல."

பள்ளிக்கூடத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள். செந்தூர்க்கனி சுற்றி நடக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்; நாலு பேர் கூடினால் பேச்சு தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும், பயமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும்.

குடை போன கதை இதுதான். செந்தூர்க்கனியின் புருசன் தோணியில் மாலத்தீவுப் பக்கம் போனவன், மழைக்காலத்துக்கு முன்னால் வரமாட்டான். பால்வாடியில் நடக்கிற பிள்ளையைத்தான் சேர்ப்பார்கள், தவழ்கிற பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள். அளத்திலோ, கைப்பிள்ளையோடு யாரும் வேலைக்கு வரக்கூடாது என்று முதலாளியின் உத்தரவு. போன வருசம் ஒரு பிள்ளை வாய்க்காலில் உருண்டு, நல்லவேளை பிழைத்துக்கொண்டது, அதிலிருந்து அந்த உத்தரவு. அதனால் செந்தூர்க்கனி மகன் அமுதனைச் சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்து, உப்பு அம்பாரத்துக்குப் பின்னால், அம்பாரத்தை மூட வைத்திருக்கும் தென்னங்கீற்று அடுக்குக்குக் கீழே கிடத்திவிட்டு வேலைக்கு இறங்குவாள். பிள்ளை சிணுங்கினால் போதும், பாத்தியில் நிற்கிற அத்தனை பெண்களும் உப்பு இழுக்கிற வாருபலகையைத் தரையில் அழுத்தி வரட்டு வரட்டென்று இழுப்பார்கள், ஒருத்தி இருமுவாள், ஒருத்தி கொழுந்தனைக் கூப்பாடு போட்டு ஏசுவாள். மாசிலாமணிக் கங்காணிக்கு, இந்தப் பொம்பளைகள் திடீர் திடீரென்று ஏன் இவ்வளவு சுறுசுறுப்பாய் வேலை செய்கிறார்கள் என்பது ரொம்ப நாளாய் விளங்கவில்லை.

அன்றைக்கு மேற்கே மேகம் தட்டியது. மழை வந்தால் உப்பு கரைந்துவிடும் என்று கீற்றையெல்லாம் அள்ளி வேறு அம்பாரத்துக்குப் போர்த்தச் சொன்னார் கங்காணி. மேகம் வந்தபடியே கலைந்து போனது, வெயில் பழையபடி காய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ரூபிணி பார்க்கிறாள், தம்பி வெள்ளை வெளேரென்ற தரையில் வெட்ட வெயிலில் கிடக்கிறான், அம்மா எட்டாத தூரத்துப் பாத்தியில் நிற்கிறாள், கங்காணி டீ குடிக்கப் போயிருக்கிறார், அவர் குடை மோட்டார் ரூம் வாசலில் சாத்தியிருக்கிறது. எடுத்தாள், விரித்தாள், பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மேற்கேயிருந்து காற்று ஒன்று வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு பாத்தி பாத்தியாய் உருட்டிக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. கங்காணி திரும்பி வரும்போது பிள்ளை அம்மா சேலைக்குள் இருந்தான், ரூபிணி வெறுங்கையோடு நின்றாள்.

"எங்கட்டி என் குடை?"

"நாந்தான் எடுத்தேன். காத்து கொண்டு போயிட்டு."

"என்னத்துக்கு எடுத்த?"

அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வந்த பெண்கள் அந்த நிழலைப் பார்த்தார்கள். அம்பாரத்தின் காலடியில், கையை எட்டி நீட்டி விரித்த குடையைப் பிடித்தபடி, இரட்டைச் சடை தொங்க, எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் நிழல் கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறியும் அது சுருங்கவில்லை, சாய்ந்தும் நீளவில்லை. உப்பை வாரி லாரியில் ஏற்றிப் பார்த்தார்கள், நிழல் நழுவித் தரையில் விழுந்து அங்கேயே கிடந்தது. லாரி டிரைவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, மறுநடைக்கு வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

மரமோ மட்டையோ இல்லாத பூமி அது. சோற்றுப் பொழுதில் வெயிலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அவரவர் மடியில் விழுகிற அவரவர் நிழலில்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடை அகலத்துக்கு நிழல் சும்மா கிடந்தால் யார் விடுவார்கள்? மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு வேலம்மா முதலில் போய் அந்தக் குடை வட்டத்துக்குள் உட்கார்ந்தாள்.

"ஏளா கனி, வந்து பாருளா. பானைத் தண்ணி கணக்கா குளுகுளுன்னு இருக்கு. உம் மவ நல்லாருப்பா."

அப்புறம் முறைவைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இந்தப் பாத்திக்காரிகள், ஒரு நாள் அந்தப் பாத்திக்காரிகள். நெருக்கி உட்கார்ந்தால் குடை வட்டத்தில் கால் நீட்ட முடியாது என்று, ஒல்லியானவர்கள் நீட்டிய கையின் நிழலில் வரிசையாய் உட்கார்ந்தார்கள். சுக்குக்காப்பி விற்கிறவர் சடை நிழலில் சைக்கிளை நிறுத்தினார். தண்ணீர்க் குடத்தைத் தோள் நிழலில் வைத்தார்கள், தண்ணீர் பொழுது சாய்கிற வரை சூடாகவில்லை. தலை நிழலில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பிள்ளை தலையில் உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கங்காணி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கண்ணில் ஆப்பரேசன் செய்தவர், உப்பு வெளுப்பு கூசக் கூச, துண்டைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு வரப்பில் தடவித் தடவி நடந்தார்.

செந்தூர்க்கனி ஒரு நாளும் அந்த நிழலில் உட்காரவில்லை. பெற்ற பிள்ளை தரையில் கிடக்க அதன்மேல் உட்கார்ந்து எப்படிச் சோறு இறங்கும்? வேலைக்கு வந்ததும் நிழல் இருக்கிறதா என்று பார்ப்பாள், வீட்டுக்குப் போனதும் பிள்ளை இருக்கிறாளா என்று பார்ப்பாள். ரெண்டும் ரெண்டு இடத்தில் இருக்கும். ரூபிணி என்னவோ சாதாரணமாய்த்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். பிரேயரில் அவள் நிழலில் ஒதுங்க முடியவில்லை என்று பின்னால் நின்ற பிள்ளை புகார் சொல்ல, டிரில் சார் அவளை வரிசையில் கடைசியாக நிறுத்தினார், அவ்வளவுதான். கரண்டு போன சாயங்காலங்களில் விளக்கை ஏற்றினால் சுவரில் அம்மா நிழல் இருக்கும், தம்பி நிழல் இருக்கும், அவர்களுக்கு நடுவில் ஒரு கஞ்சிக் கிண்ணத்தின் நிழல் அந்தரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

குடைக்காகக் கங்காணி புகார் கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. "ஸ்டேசனுக்குப் போனா என்னளா செய்வ?" என்று வேலம்மா கேட்டாள். "நிழலில்லாத பிள்ளைய என்னன்னு எழுதுவாவ? அளத்துல நிக்கத அக்கூஸ்டுன்னு சொல்லுவாவளா, வீட்டுல நிக்கத சொல்லுவாவளா?"

பகடிக்குச் சொன்னாள். செந்தூர்க்கனிக்கு அன்றைக்குத் தூக்கம் போனது.

ஆனால் ஸ்டேசனுக்கு முன்னால் பிள்ளைக் கோர்ட்டு இருந்தது. அந்தக் காலனியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் செய்கிற சில்லறைக் குற்றங்களை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களே விசாரிப்பார்கள். பல்பு உடைத்தது, சைக்கிளைக் கேட்காமல் எடுத்தது, மீன்கூடையில் கை வைத்தது, எல்லாம் அங்கேதான் வரும். ஏட்டையாவும் இதற்கு ஒப்புக்கொண்டிருந்தார், அவருக்கும் வேலை மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் அஞ்சு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுற்றி உப்பால் ஒரு கோடு இழுப்பார்கள். பெரியவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கலாம், பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. புகார்க்காரர் மட்டும் ஆரம்பத்தில் ஒரு தடவை பேசிவிட்டு, 'பிள்ளைகள் சொல்கிறதுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு கை உப்பை நாற்காலிகளுக்கு முன்னால் வைத்திருக்கும் பானையில் போட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதற்கப்புறம் எந்தப் பெரிய ஆள் பேசினாலும் வழக்கு கலைந்து ஸ்டேசனுக்குப் போய்விடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பிள்ளை வாயை மூடிக்கொண்டாலும் ஸ்டேசன்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதுதான் பெரிய வழக்கம். தண்டனையைச் செய்து முடித்த பிள்ளை அடுத்த வழக்குக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். குற்றம் செய்யாத பிள்ளைக்கு அங்கே நாற்காலி கிடையாது. நடுநாற்காலி ஆக்னஸ் ஒரு காலத்தில் கோயில் உண்டியல் பூட்டில் ஊக்கைவிட்டவள். அவள் பக்கத்தில் உட்காருகிற வெயிலுமுத்து, நின்றிருந்த பஸ்ஸின் ஹார்னைக் கழற்றிக்கொண்டு போய் ஆட்டின் கழுத்தில் கட்டியவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலனியே தொட்டியைச் சுற்றி நின்றது. செந்தூர்க்கனி அமுதனைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். கங்காணி பேசினார்.

"மருமவன் கொழும்புல இருந்து கொண்டாந்த குடை. அது இல்லாம கண்ணு கூசுது, வரப்பு தெரிய மாட்டங்கு. நான் ஒண்ணும் பிள்ளையத் தூக்குல போடச் சொல்லல. என்னத்துக்கு எடுத்தான்னு சொல்லட்டும். அது தெரியாம எனக்கு ஆறாது." உப்பை அள்ளிப் பானையில் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றார்.

ரூபிணி உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அங்கே பேசுகிற யாரும் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும், அதுதான் சத்தியம்.

"குடைய எடுத்தியா?" ஆக்னஸ் கேட்டாள்.

"எடுத்தேன்க்கா."

"என்னத்துக்கு?"

ரூபிணி தரையைப் பார்த்தாள். தரையில் அவளுக்கு ஒன்றும் இல்லை.

"வெயில் அடிச்சிதா? உனக்குத் தலைய வலிச்சிதா?"

தலையை ஆட்டி ஒத்துக்கொண்டால் போதும், சின்னத் தண்டனையோடு போகும். செந்தூர்க்கனி ஆட்டுட்டி, ஆட்டுட்டி என்று மனதுக்குள் மன்றாடினாள். ஆனால் நாக்கில் உப்பு இருந்தது, ரூபிணி ஆட்டவில்லை.

அப்போது வெயிலுமுத்து நாற்காலியைவிட்டு எழுந்தான். "நாங்க காலைல போயி நிழலப் பாத்தோம். நான் அதுக்குப் பக்கத்துல படுத்தே பாத்தேன். கை இங்கன நீண்டு கிடக்கு, குடை அந்தாக்குல கிடக்கு. இவ தலை குடைக்குள்ள இல்ல. தனியா வெயில்ல கிடக்கு. தனக்குக் குடை பிடிக்கவ தலைய வெளிய வச்சிட்டா பிடிப்பா?"

இத்தனை நாளாய் அந்த நிழலில் உட்கார்ந்து சோறு தின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். கங்காணி துண்டைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"அப்போ குடை வேற யாருக்கோ பிடிச்சது," என்றாள் ஆக்னஸ். "யாருக்குட்டி?"

குடைக்குக் கீழே இருந்தது நிழலுக்குள் நிழலாய் மறைந்து போயிருந்தது, அதைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே இரண்டு பேர்தான். ஒருத்தி வாய் இருந்தும் திறக்கமாட்டாள். திறந்தால் அம்மாவுக்கு அளத்து வேலை போய்விடும். இன்னொருத்திக்கு வாய் திறக்க உரிமை இல்லை. திறந்தால் பிள்ளை ஸ்டேசனுக்குப் போய்விடும். பேசாமல் இருப்பது ஒன்றுதான் செந்தூர்க்கனிக்குப் பிறந்ததிலிருந்து எளிதாய் வந்த காரியம், அன்றைக்கு அதுவே பெரும்பாடாய் இருந்தது. தொண்டைக்குக் கீழே அடங்கிக் கிடந்த அத்தனை வருசத்துப் பேச்சும் ஒன்றாய்க் கிளம்பி வந்து பல்லுக்குப் பின்னால் முட்டி நின்றது, அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"ரூபிணி, இன்னொரு தடவதான் கேப்பேன். சொல்லலன்னா எங்க கையில இல்ல, தெரியும்லா? யாருக்குப் பிடிச்ச?"

ரூபிணி பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், வாய் திறக்கவில்லை. ஆக்னஸ் மற்ற நாலு பேரையும் பார்த்தாள், பானையை நகர்த்தக் கையை நீட்டினாள். பானை நகர்ந்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் செந்தூர்க்கனி ஒரு முழம் முன்னால் வந்தாள், குனிந்தாள், பிள்ளையைச் சுற்றியிருந்த சேலையை விலக்கினாள், அமுதனை உப்புக் கோட்டின்மேல் இறக்கிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கால் கோட்டைத் தாண்டவில்லை.

அமுதன் முழங்காலில் நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு கோட்டிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி வாயில் போட்டான். வேறு பிள்ளையாய் இருந்தால் முகத்தைக் கோணி ஊரைக் கூட்டியிருக்கும். இவன் சப்புக்கொட்டினான், எச்சில் ஒழுகச் சிரித்தான், கோட்டைத் தாண்டித் தவழ்ந்து போய் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உப்ப வச்சிட்டான்," என்றான் வெயிலுமுத்து மெதுவாக. "சாட்சி உப்ப வச்சிட்டான்."

"வயசு?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

"பதினெட்டுக்குள்ளதான்க்கா," என்றாள் ரூபிணி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது.

"கோட்டுக்குள்ள வரலாம். அளத்து உப்பத் தின்னு பழகுன வாயி, அழல பாத்தியளா?" என்றாள் ஆக்னஸ்.

கங்காணிக்கு அப்போதுதான் விளங்கியது. திடீர் திடீரென்று இழுபட்ட வாருபலகைகளும், இருமலும், கொழுந்தன்மாருக்கு விழுந்த ஏச்சும் ஒவ்வொன்றாய் அவர் முகத்தில் ஏறிப் போயின. வாயைத் திறந்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. அவர் போட்ட உப்பு பானையில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அஞ்சு பேரும் தலையைத் தலையோடு முட்டிப் பேசினார்கள். செந்தூர்க்கனி தொட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை எண்ணிக்கொண்டு நின்றாள். வேலை போனால் அடுப்பு எப்படி எரியும், வேலை இருந்தாலும் பிள்ளையை எங்கே கிடத்துவது, நிழல் இனி எப்போது வரும், வராமலே போனால் நாளைக்கு யார் இவளை ஒரு மனுசியாய் மதிப்பார்கள். ஆக்னஸ் எழுந்தாள்.

"குடைய எடுத்தது ரூபிணி. அதனால கண்ணு கூசுத கங்காணி மாமாவ பள்ளிக்கூடம் விட்டு வந்து வரப்பு வழியா கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போணும், மாமாவுக்கு அடுத்த குடை வாரவரைக்கும்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"குடை தந்த நிழல அனுபவிச்சது அமுதன். அதுவும் குத்தந்தான். அதனால அமுதன் தெனமும் அளத்துக்கு வந்து, அந்த நிழல்லயே கிடந்து, அதுக்குக் காவல் இருக்கணும், நடக்கப் பழகுறவரைக்கும். வரலன்னா ஸ்டேசன். அந்த நிழல்ல யார் வேணா உக்காரலாம், கங்காணி மாமாவும் உக்காரலாம். உக்காருதவிய, பிள்ள அழுதா ஆட்டணும். இவ்வளவுதான் தீர்ப்பு."

பானை நகர்ந்தது. வேலம்மாதான் முதலில் சிரித்தாள்.

"யப்பா! நம்ம கொழுந்தன்மாருக்கு இனி ஏச்சு இல்ல!"

மறுநாள் கங்காணி முதலாளிக்கு என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கோர்ட்டு உத்தரவு என்று சொன்னதாகப் பேச்சு. சோற்றுப் பொழுதில் அவர் வந்து, பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடை வட்டத்தின் ஓரத்தில் அரைவாசி உட்கார்ந்தார். வட்டத்தின் நடுவே மூன்று கம்பு நட்டுக் கட்டிய தூளியில் அமுதன் அழுதான். அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே ஒரு கையை நீட்டித் தூளியை ஆட்டினார். அவன் நடக்கப் பழகியதும் நடுவில் ஒரு சின்ன நாற்காலி போட வேண்டும் என்று வெயிலுமுத்து இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆனாலும் செந்தூர்க்கனிக்கு வயிறு ஆறவில்லை. வேலை போகவில்லை, பெயர் கெடவில்லை, எல்லாம் சரி. நிழல் அளத்தில்தானே கிடக்கிறது. அன்று சாயங்காலம் ரூபிணி கங்காணியின் கையைப் பிடித்து வரப்பு முடிகிற இடத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தாள், தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வெயில் பின்னாலிருந்து விழுந்தது. பார்க்கக் கூடாது, பார்த்தால் தாங்காது என்று நினைத்துக்கொண்டே செந்தூர்க்கனி பார்த்தாள்.

அமுதனின் நிழல் அவர்களுக்கு முன்னால் பழையபடி அந்தரத்தில் குலுங்கிக்கொண்டு போனது. அதற்குக் கீழே, ரூபிணியின் கால்விரலை ஒட்டி, பால் கலந்த தண்ணீர் நிறத்தில், இன்னும் முழங்கால்கூட வராத இரண்டு பாதங்கள், ஒன்று மாற்றி ஒன்று, நடந்து போய்க்கொண்டிருந்தன.

செந்தூர்க்கனி மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் மிரண்டு ஓடிவிடுமோ என்று பயம். தன் நிழல் அதன்மேல் பட்டுவிடாமல் கொஞ்சம் பின்தங்கி, ரோட்டின் ஓரமாய், மெதுவாக நடந்து வந்தாள்.